தொன்மைக் கிரேக்கரின் வெண்கலப் பெண்பாவைகள்

1. தோற்றுவாய்

கிரேக்கச் சிற்பம் என்ற அளவில் கற்றோர் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவன வெண்பளிங்கில் அமைந்த பேருருவங்களே ஆகும். அப் பேருருவங்களைக் கிரேக்கர் செதுக்கத் தொடங்கியது கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலாகும். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னரே, கையகத்து அடங்கும் சிறு வெண்கலப் பாவைகளை அவர்கள் வார்த்துக் கோயில்களில் காணிக்கையாக இட்டு வந்தனர். குதிரை, எருது, வீரன், தேர்ப்பாகன் ஆகிய உருவங்கள் அவற்றுட் பல, பெண்ணுருவங்கள் சில. அச் சிலவும், அவற்றின் வழிவந்த கி.மு. 6-ஆம் நூற்றாண்டுப் பாவைகளுமே இக் கட்டுரையின் ஆராய்ச்சிப் பொருளாகும்.

இப் பாவைகளை இன்று அருங்காட்சியகங்களிற் காண்போர், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர்ச்சீட்டையும் காண்பர். ஒன்று 'தெய்வம்' எனப்படும். மற்றொன்று 'பூசனை மகள்' எனப்படும். பிறிதொன்று 'வழிபடுவாள்' எனப்படும். இப் பெயர்கள் பாவையோடு உடன்பிறந்தவை அல்ல; பிற்கால ஆராய்ச்சியாளர் இட்டவை. எச் சான்று கொண்டு இட்டனர்? அச் சான்று எத்துணை வலியது? இவ் வினாக்களுக்கு விடை காண்பதே ஈண்டு நோக்கம்.

அகப்பாட்டுப் பயில்வோர்க்கு இத்தகைய இடர்ப்பாடு புதியதன்று. பாட்டின்கீழ் நிற்கும் 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்னும் குறிப்புகள் பாட்டுத் தோன்றிய காலத்தன அல்ல, பிற்பட்டோர் வகுத்தவை. அவை பெரிதும் துணைபுரிவன. ஆயினும் பாட்டின் சொற்களே முதற் சான்று, குறிப்பு அதற்கு அடுத்த நிலையது என்பதை நல்லாசிரியர் மறவார். பாவையின் கீழுள்ள பெயர்ச்சீட்டையும் அவ்வாறே மதித்தல் வேண்டும்.

இவ் வாராய்ச்சி வெறும் பெயராராய்ச்சி அன்று. தொன்மைக் கிரேக்க மகளிர் தம் வாழ்வைத் தாமே எழுதிவைத்தனர் என்பதற்குச் சான்று மிகமிகக் குறைவு. கி.மு. 600-ஐ அடுத்து வாழ்ந்த சாப்போவின் பாடல்கள் பெரும்பாலும் சிதைவுகளாகவே நமக்கு எய்தியுள்ளன. எனவே, அம் மகளிர் எவ்வாறு வழிபட்டனர், எவ்வாறு ஆடினர், எதனைத் தமதென உடைமையாகக் கொண்டனர் என்பனவற்றை அறிய இச் சிறு பாவைகள் இன்றியமையாதன. சான்றைப் பிழைபடப் படிப்பின், ஒரு மக்கட் பகுதியின் வரலாறே பிழைபடும்.

2. காலப் பாகுபாடு

கலை வரலாற்றாசிரியர் இக் காலத்தை மூன்று கூறாக்குவர். ஏறத்தாழ கி.மு. 900 முதல் 700 வரை வடிவியற் காலம். கோடு, கோணம், வட்டம் ஆகியவற்றால் கலங்களை அணிசெய்த காலம் அது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டு கீழைச் சாயற் காலம். சிரியா, பினீசியா, எகிப்து முதலிய நாடுகளின் கலைச்சாயல் கிரேக்கர்பாற் படிந்த காலம். கி.மு. 600 முதல் 480 வரை தொன்மைக்காலம் எனப்படும்.

இம் மூன்றற்கும் முன்னர், கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டில், கிரீட்டுத் தீவின் மினோவ மக்கள் வெண்கலப் பாவைகளை வார்த்தனர். அடுக்குப் பாவாடை அணிந்து, ஒரு கையை நெற்றிக்கு உயர்த்தி வணங்கும் மகளிர் உருவங்கள் அவற்றுட் குறிப்பிடத்தக்கன. மினோவர் கிரேக்கமொழி பேசினோர் அல்லர் என்பது அறிஞர் கொள்கை. அவர்தம் காலத்திற்கும் வடிவியற் காலத்திற்கும் இடையே பல நூற்றாண்டுகள் கழிந்தன. ஆதலின், முன்னதிலிருந்து பின்னது நேரே தோன்றிற்று எனக் கூறல் அமையாது.

3. வார்த்தலும் அடித்தலும்

வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்த கலவை. பத்துப் பங்கில் ஒரு பங்களவு வெள்ளீயம் கலத்தல் பொதுவழக்கு. சிறு பாவைகளைக் கிரேக்கர் மெழுகு வார்ப்பு முறையாற் செய்தனர். மெழுகினால் உருவை ஆக்கி, அதன்மேல் களிமண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அது நீங்கிய இடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவர். ஆறியபின் மண்கருவை உடைத்து உருவை எடுப்பர். கரு உடைந்துவிடுதலின், ஒரு மெழுகுருவிற்கு ஒரு பாவையே கிட்டும். இவ் வாற்றான், ஒத்த இனத்துப் பாவைகள் பல உளவேனும், ஒன்றையொன்று முற்றும் ஒப்பன இல்லை. சிறியன யாவும் உள்ளீடு நிறைந்த கனவார்ப்பே. உள்ளே வெறுமையாகப் பேருருவங்களை வார்க்கும் முறை கி.மு. 6-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கர்பாற் செழித்தது.

ஒலிம்பியாவில் நிகழ்ந்த அகழாய்வுகளில் வார்ப்புக் கழிவுகளும் பழுதுபட்ட வார்ப்புகளும் கிடைத்துள்ளன. விழாக் காலத்தில் கன்னார் கோயிற் களத்திற்கே வந்து உலைவைத்து வார்த்தனர் என்பது இவற்றாற் பெறப்படும். வழிபட வந்தோர் ஆங்கே விலைகொடுத்து வாங்கி ஆங்கே காணிக்கையாக்கினர். இச் செய்தி நம் ஆராய்ச்சிக்கு மிக வேண்டுவது. கொடுப்போன் தன் உருவையே செய்யுமாறு கூறிச் செய்வித்தான் என்று எப்போதும் கொள்வதற்கு இடமில்லை. உலைக்களத்தில் இருந்தனவற்றுள் ஒன்றைத் தேர்ந்தும் கொண்டிருக்கலாம்.

வார்ப்பேயன்றி, வெண்கலத் தகட்டைச் சம்மட்டியால் அடித்து உருவாக்கி, தகடுகளை ஆணியால் இணைக்கும் முறையும் இருந்தது. கிரேக்கர் இதனை 'ஸ்பூரேலாடன்' என்றனர். சம்மட்டியால் அடித்தது என்பது அச் சொல்லின் பொருள். வார்ப்பால் எய்தவியலாத பெரிய அளவினை இம் முறையால் எய்தினர்.

4. ஒலிம்பியாவின் ஆடல் மகளிர்

ஒலிம்பியாவில் 1875-இல் தொடங்கிய செருமானிய அகழாய்வு, ஆயிரக்கணக்கான வடிவியற் கால வெண்கல உருவங்களை வெளிக்கொணர்ந்தது. மிகப் பெரும்பாலன விலங்குகள். மாந்தர் உருவங்களுள் ஆடவரே மிக்கிருப்பர். இந் நிலையில் பெண்ணுருவங்கள் தனிக் கவனத்திற்குரியன.

அவற்றுள் ஒன்று, மகளிர் பலர் கைகோத்து வட்டமாய் நின்றாடும் சிறு தொகுதி. கி.மு. 8-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. உடையின்றி அமைந்த இம் மகளிர்க்கு முகக்கூறுகள் தெளிவாக இல்லை. ஒருத்தியை மற்றொருத்தியினின்றும் பிரித்துணர்த்தும் அடையாளமும் இல்லை. கலைஞன் காட்ட விரும்பியது தனிமகளை அன்று, வட்டத்தையே ஆகும். கோத்த கையே இங்குப் பொருள்.

உடையின்மையைக் கண்டு இவர்களைக் காமத் தெய்வத்தின் மகளிர் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. வடிவியற் காலக் கலைஞர் ஆடவரையும் பெண்டிரையும் ஒருங்கே உடையின்றி அமைத்தனர். மார்பின் சிறு புடைப்பே பெண்மையைக் காட்டும் குறி. ஆகவே, அக் காலத்து உடையின்மை கலைமரபே அன்றித் தனிப்பொருள் குறித்ததன்று. ஒரு கூறு பொருளுடையதா என அறிய, அது அக் காலத்திற் பொதுவா சிறப்பா என்று முதலில் நோக்குதல் வேண்டும் என்னும் நெறி இதனாற் பெறப்படுகின்றது.

இதனோடு ஒப்பிடத்தக்கது ஏதென்ஸ் நகரின் திப்பிலோன் இடுகாட்டிற் கிடைத்த தந்தப் பாவை. ஏறத்தாழ கி.மு. 730-ஐச் சார்ந்த இதன் உயரம் 24 செ.மீ. உடையற்ற பெண்ணுருவம், தலையில் உருளை வடிவான 'போலோஸ்' என்னும் முடி ஆகியன சிரியநாட்டு அஸ்டார்ட்டே தெய்வத்தின் சாயல். ஆயினும், கீழைநாட்டுத் தெய்வம் பெரும்பாலும் கைகளால் மார்பைத் தாங்கி நிற்க, கிரேக்கப் பாவை கைகளை உடலோடு ஒட்டித் தொங்கவிட்டு நிற்கின்றது. முடியின்மேல் கிரேக்க வடிவியற் கோலமே பொறிக்கப்பட்டுள்ளது. வடிவம் கடல்கடந்து வந்தது. பொருளும் உடன் வந்ததா என்பதை வடிவம் ஒன்றே கொண்டு துணிதல் இயலாது.

ஒலிம்பியாவின் அடிப்பு உருவங்கள் இவ் வுண்மையை மேலும் தெளிவாக்கும். ஆங்குக் கிடைத்த தகட்டு வெண்கல உருவங்களை ஆராய்ந்து பிரிகிட்டே போரெல், டெசா ரிட்டிக் ஆகிய இருவரும் 1998-இல் நூல் வெளியிட்டனர். வட சிரியக் கலைஞர் புடைப்புருவம் அமைத்த பழைய தகடுகளை வெட்டி, கிரேக்கர் அவற்றைப் புதிய சிலைகளின் ஆடையாக்கினர் என்பது அவர்தம் ஆய்வால் விளங்கிற்று. வேற்று நாட்டுக் காட்சிகள் ஒரு கிரேக்கச் சிலையின் மேலாடையில் வெறும் அணியாயின. பழம்பொருள் புதுப்பொருளாயிற்று.

5. திரேரோஸ் கோயிலின் மூவர்

கிரீட்டுத் தீவின் கிழக்குப் பகுதியில் உள்ளது திரேரோஸ். ஆங்கு 1935-இல் ஸ்பிரிடோன் மரினாத்தோஸ் அகழ்ந்த சிறு கோயிலில் மூன்று வெண்கல உருவங்கள் கிடைத்தன. மூன்றும் தகடுகளை அடித்து ஆணியால் இணைத்துச் செய்யப்பட்டவை. ஆடவன் உருவம் ஏறத்தாழ 80 செ.மீ. உயரமுடையது. பெண்ணுருவங்கள் இரண்டும் அதன் பாதியளவினவே. காலம் ஏறத்தாழ கி.மு. 700 எனக் கருதுவர். இன்று இவை ஹெராக்கிளியோன் அருங்காட்சியகத்தில் உள்ளன.

பெண்டிர் இருவரும் கழுத்து முதல் அடி வரை நீண்ட ஆடை உடுத்து, முடி தரித்து, கைகளை உடலோடு ஒட்டி நிற்கின்றனர். ஆடவன் உடையின்றி நிற்கின்றான். கோயில் அப்போலோவிற்கு உரியது என்பதனால், ஆடவனை அப்போலோ என்றும், பெண்டிரை அவன்தாய் லேட்டோ, உடன்பிறந்தாள் ஆர்ட்டெமிஸ் என்றும் அறிஞர் பெரும்பாலோர் கொண்டனர்.

இக் கொள்கை எதன்மேல் நிற்கின்றது என்று காண்போம். லேட்டோ இவள், ஆர்ட்டெமிஸ் இவள் என்று காட்டும் அடையாளம் உருவங்களில் ஒன்றுமில்லை. வில் இல்லை, மான் இல்லை, மூப்பும் இளமையும் வேறுபடவில்லை. தாயையும் மகளையும் வேறு பிரித்தறிய ஒண்ணாதவாறு இருவரும் ஒத்துள்ளனர். எனின், கொள்கைக்கு வலிமை தருவன யாவை? இடமும் எண்ணுமே. கோயிலின் உள்ளே பலிமேடையை அடுத்துக் கிடைத்தமையும், ஆடவன் ஒருவனோடு பெண்டிர் இருவர் சேர்ந்தமையும் பிரியின், இக் கொள்கையும் நில்லாது. இப் பெண்ணுருவங்களுள் ஒன்று மட்டும் களவாக அகழப்பட்டு விலைக்கு வந்திருப்பின், எந்த அறிஞரும் அதனை லேட்டோ என்று கூறியிரார். 'வழிபடுவாள்' என்றே சீட்டு எழுதியிருப்பர்.

6. ஆடி தாங்கும் கன்னியர்

கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் ஸ்பார்ட்டாவைத் தலைமையாகக் கொண்ட லக்கோனிய நாட்டில் ஒரு புதிய வகைப் பாவை தோன்றியது. வெண்கல ஆடியின் கைப்பிடியாக அமைந்த இளம்பெண் உருவம் அது. மெலிந்த உடலும் சிறு மார்பும் உடைய கன்னி உடையின்றி நிற்பாள். தோளில் குறுக்காக ஒரு கயிறும் அதில் கோத்த காப்பணிகளும் சில பாவைகளில் உண்டு. கையில் மலரோ, மாதுளங்கனியோ, கைத்தாளமோ இருக்கும். தலைக்குமேல் வட்டமான ஆடி. காலடியில் சிங்கமோ தவளையோ அமைதலும் உண்டு.

இக் கன்னியர் ஆராய்ச்சியாளரைப் பெரிதும் மயங்கவைத்தனர். வடிவியற் காலத்தில் உடையின்மை பொதுமரபு என்று மேலே கண்டோம். கி.மு. 6-ஆம் நூற்றாண்டிலோ நிலை வேறு. ஆடவரை உடையின்றியும் பெண்டிரை நிறை உடையோடும் காட்டுதலே அப்போது கிரேக்கச் சிற்பமரபு. மரபிற்கு மாறாக இக் கன்னியர் நிற்றலின், இங்கு உடையின்மை பொருளுடையதாகின்றது.

பொருள் யாது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஸ்பார்ட்டாவின் கன்னியர் ஆடவரைப்போல் உடற்பயிற்சி செய்தனர் என்று பழைய நூலாசிரியர் கூறுவதை ஒரு சாரார் சான்று காட்டுவர். தெய்வத்தின் ஏவல் மகளிர் என்பர் மற்றொரு சாரார். எகிப்தில் இதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே உடையற்ற இளம்பெண் உருவம் ஆடிக்குக் கைப்பிடியாக அமைந்தது. அவ் வடிவின் தாக்கம் லக்கோனியக் கலைஞரிடம் உண்டு என்பது பலர்க்கும் உடன்பாடு. காப்பணிக் கயிறும் கைத்தாளமும் சடங்கைச் சார்ந்தன ஆதலின், வெறும் உடற்பயிற்சி என்னும் விளக்கம் நிரம்பாது என்பது எம் கருத்து.

எவ்வாறாயினும் ஒன்று உறுதி. இப் பாவை தனித்து நிற்கும் சிலை அன்று; ஒரு பெண் நாள்தோறும் கையிற் பற்றிய பொருளின் உறுப்பு. பற்றுவோளின் விரல்கள் பாவையின் உடலைச் சூழும். அவள் முகம் பாவையின் தலைக்கு மேலே தோன்றும். பின்னர் அவ் வாடி கோயிற் காணிக்கையாகவோ கல்லறைப் பொருளாகவோ ஆயின், அவளோடு இருந்த பொருள் அவள் சார்பில் நின்றது எனலாம். கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உடையற்ற கன்னி மறைந்து, மடிப்பு நிறைந்த 'பெப்லோஸ்' ஆடை உடுத்த மகள் ஆடியைத் தாங்கலானாள். தாங்கும் தொழில் மாறவில்லை. தாங்குவோளின் தோற்றமே மாறிற்று.

பயன்பொருளைத் தாங்கும் பெண்பாவை என்னும் கருத்து மத்தியதரைக் கடற்பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்தது. நெடுநல்வாடை, யவனர் செய்த பாவை தன் கையில் ஏந்திய அகலில் நெய் சொரிந்து விளக்கேற்றியதைக் கூறுதல் ஈண்டு நினையத்தகும். அவ் விளக்கு லக்கோனிய ஆடிகளுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. உரோம வாணிகக் காலத்தது. நேரடித் தொடர்பு கூறுதற்கில்லை. ஆயினும், ஒரு செய்தியை நாம் அதனின்று கற்கலாம். நக்கீரனார் அப் பாவை யார் என்று கூறவில்லை. அது யாது செய்கின்றது என்பதையே கூறுகின்றார். பயன்பொருளாய் அமைந்த பாவையை நோக்கும் நெறியும் அதுவேயாம்.

7. ஓடும் மகள்

பிரித்தானிய அருங்காட்சியகத்தில் ஒரு சிறு வெண்கல உருவம் உள்ளது. உயரம் 11 செ.மீ.-க்குச் சற்று மிகுதி. இன்றைய கொசோவோவிலுள்ள பிரிசுரென் என்னும் ஊரிற் கிடைத்தது. ஆயினும் ஸ்பார்ட்டாவில் ஏறத்தாழ கி.மு. 520-க்கும் 500-க்கும் இடையே செய்யப்பட்டது எனக் கொள்வர். ஓடும் நிலையில் உள்ள இளம்பெண். முழங்காலுக்கு மேல் நிற்கும் குறுகிய ஆடை. கூந்தல் அவிழ்ந்து தொங்குகின்றது. வலத்தோளும் வலமார்பும் திறந்துள்ளன.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றிவந்து நூல் எழுதிய பாஸேனியஸ், ஒலிம்பியாவில் ஹீரா தெய்வத்திற்காகக் கன்னியர் ஓடிய ஓட்டத்தை வருணிக்கின்றார். கூந்தலை அவிழ்த்து, முழங்காலுக்குச் சற்று மேலாக ஆடை உடுத்து, வலத்தோளை மார்பு வரை திறந்து கன்னியர் ஓடுவர் என்றும், அகவைக்கேற்ப அவர் பிரிக்கப்படுவர் என்றும், ஓடுகளம் ஆடவர்க்குரியதில் ஆறில் ஒரு பங்கு குறைக்கப்படும் என்றும் அவர் கூறுவர். வென்றவர்க்கு ஒலிவ இலை முடியும் பலியிட்ட பசுவில் ஒரு பங்கும் உண்டு; தம் உருவ ஓவியத்தைக் காணிக்கையாக வைக்கும் உரிமையும் உண்டு.

பாவையும் நூலும் வியக்குமாறு ஒத்துள்ளன. வெளித்தோற்றமும் எழுத்துச் சான்றும் இவ்வளவு நெருங்கிப் பொருந்துதல் இத் துறையில் அரிது. எனினும், இரண்டு தடைகளை எண்ணுதல் வேண்டும். பாவைக்கும் பாஸேனியஸுக்கும் இடையே அறுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கிடக்கின்றது. மேலும், ஸ்பார்ட்டாவில் தியோனிசஸ் தெய்வத்திற்காகக் கன்னியர் பதினொருவர் ஓடிய வேறோர் ஓட்டத்தையும் அவரே குறித்துள்ளார். எனவே, 'ஓட்டச் சடங்கில் ஈடுபட்ட கன்னி' என்று கூறுதல் தகும். 'ஹீரா விழாவில் வென்றவள்' என்று கூறுதல் சான்றின் எல்லையைக் கடத்தலாகும். இப் பாவை பெரும்பாலும் ஒரு கலத்தின் விளிம்பில் பொருத்தப்பட்டிருந்தது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஓடியவள் தானே தன் வெற்றிக்கு நிறுவிய சிலை இது என்று கொள்வதற்கு அவ் வமைப்பு துணைசெய்யவில்லை. ஆயினும், கன்னியரின் ஓட்டம் கலைஞர் தம் கலங்களுக்கு அணியாகத் தேர்ந்துகொள்ளுமாறு கண்ணுக்கினிய, பலரறிந்த நிகழ்ச்சியாய் இருந்தது என்பது இதனால் தெளிவாம். அத் தெளிவே பெரிது.

8. வீக்ஸ் கலத்தின் மூடிமகள்

1953-இல் பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் வீக்ஸ் என்னும் சிற்றூரை அடுத்து ஒரு கல்லறை அகழப்பட்டது. அதில் 1.64 மீட்டர் உயரமும் 208 கிலோகிராம் நிறையும் உடைய கிரேக்க வெண்கலக் கலம் ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ 1,100 லிட்டர் கொள்ளும் இக் கலம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்தது. கழுத்தைச் சுற்றி வீரரும் தேர்களும் அணிவகுப்பர்; கைப்பிடிகளில் அச்சம் தரும் கோர்கோன் உருவங்கள் உள்ளன. சல்லடை போல் துளையிட்ட மூடியின் நடுவே முக்காடிட்ட பெண் ஒருத்தி நிற்கின்றாள். அவள் உயரம் ஏறத்தாழ 19 செ.மீ.

கல்லறையில் அடக்கப்பட்டவளும் ஒரு பெண்ணே. பொற்கழுத்தணி பூண்டு, தேருடன் அடக்கம் செய்யப்பெற்ற இவள் கெல்ட்டிய மக்களின் உயர்குடியைச் சார்ந்தவள். கிரேக்கப் பெண் அல்லள். கலம் செய்த கலைஞன் இவளைக் கண்டானல்லன். தெற்கேயிருந்து பல கூறுகளாகக் கொணர்ந்து பொருத்தப்பட்டது கலம் என்பதை, பொருத்துமிடம் காட்டும் கிரேக்க எழுத்துக் குறிகள் உணர்த்துகின்றன.

இங்கு ஒரே பாவைக்கு இரண்டு பொருள்கள் அமைந்துவிடுகின்றன. வார்த்தவன் கருத்தில் மூடிமகள் தெய்வமாகவோ வழிபடுவாளாகவோ இருந்திருக்கலாம். கல்லறையில் வைத்தோர் கண்ணுக்கு அவள், வீரர்க்கும் அரக்க உருவங்களுக்கும் மேலாக உச்சியில் நிற்கும் பெண். தம் தலைவிக்கு அக் கலம் தகும் என அவர்கள் எண்ணியதற்கு அதன் அருமையும் பருமனும் முதற்காரணம் ஆகலாம். மூடிமகளையும் அவர்கள் கருதினர் என்று உறுதியாகக் கூறல் இயலாது. ஆனால், வார்த்த இடத்துப் பொருளே வைத்த இடத்திலும் நிலைத்தது என்று கூறல் அதனினும் இயலாது.

9. பொறித்த எழுத்தின் சான்று

இதுகாறும் எழுத்தில்லாப் பாவைகளைக் கண்டோம். எழுத்துப் பொறித்த காணிக்கைகள் சிலவும் உள. அவை கொடுத்தோர் பெயரைத் தருகின்றன. நம் ஊகங்கள் பலவற்றைத் திருத்துகின்றன.

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள ஆர்ட்டெமிஸ் வெண்கலப் பாவை, கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்தது. கிமாரிடாஸ் என்பவன் தெய்வத்திற்குப் படைத்தது என்று அதன் எழுத்துக் கூறுகின்றது. பெண்பாவையைக் கொடுத்தவன் ஆடவன். சாமோஸ் தீவின் ஹீரா கோயிலில் கேராமியேஸ் என்னும் ஆடவன் கன்னியர் பளிங்குச் சிலைகளை நிறுவினான். அவற்றுள் ஒன்று இன்று லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏதென்ஸ் கோட்டைக் குன்றின் எழுத்து ஒன்று, நௌலோகோஸ் என்பவன் கடல் தனக்களித்த வேட்டைப் பயனின் முதற்பகுதியாக ஒரு கன்னியுருவை நிறுவியதைக் கூறும். மீன் பிடித்தோன் ஒருவன் நன்றிப் பொருளாகக் கன்னிச் சிலையை வைத்தான் எனின், சிலைக்கும் கொடுத்தோனுக்கும் உருவ ஒப்புமை தேடுதல் வீண்.

மறுதலையான சான்றும் உண்டு. அதே குன்றில் கிடைத்த சிறு வெண்கல அதீனா, தலைச்சீராவுடன் போர்க்கோலம் கொண்டு முன்னேறும் நிலையில் உள்ளது, கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்தது. அதன் எழுத்து, மெலேசோ என்னும் பெண் தன் பத்தில் ஒரு பங்கினை அதீனாவிற்கு அளித்ததாகக் கூறுகின்றது. போர்க்கோலப் பாவையைக் கண்டவுடன் கொடுத்தவன் வீரன் என்று எண்ணுதல் இயல்பு. எழுத்து அவ் வெண்ணத்தை மாற்றுகின்றது. பத்தில் ஒரு பங்கு என்றமையால், தனக்கென வருவாயும் அதனை வழங்கும் உரிமையும் அவள்பால் இருந்தன என்பதும் பெறப்படும். அக் குன்றிலேயே ஸ்மிகித்தே என்னும் ஆடை வெளுக்கும் தொழிலாட்டியும் பத்திலொரு பங்கு படைத்துள்ளாள் என்பதை ஒரு பளிங்குத் தொட்டியின் எழுத்துக் காட்டும். செல்வக்குடி மகளிரேயன்றி உழைக்கும் மகளிரும் தம் பெயரைத் தெய்வத்தின் முன் நிறுத்தினர்.

இவ் வெழுத்துகளுட் பல, காணிக்கையைக் குறிக்க 'அகல்மா' என்னும் சொல்லை ஆளும். மகிழ்வித்தல் என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்த சொல் இது. தெய்வம் கண்டு மகிழும் அழகிய பொருள் என்பது இதன் கருத்து. இன்னாருடைய உருவம் என்று கூறாமல், மகிழ்ச்சி தரும் பொருள் என்று கூறினர் கொடுத்தோர். 'இப் பாவை யார்?' என்பது நம் வினா. 'இது தெய்வத்தை மகிழ்விக்குமா?' என்பதே அவர் வினா.

10. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவாம். பாவையின் தோற்றம் தானே அதன் பெயரைக் கூறாது. உடையின்மை ஒரு காலத்துப் பொதுமரபு. மற்றொரு காலத்துச் சிறப்புக்குறி. முடியும் நிலையும் வேற்று நாட்டிலிருந்து வந்து புதுப்பொருள் ஏற்கும். தாங்கும் பொருள், கிடைத்த இடம், உடன் கிடைத்தவை, பொறித்த எழுத்து ஆகிய நான்குமே பெயரிடத் துணைபுரிவன. இவை இல்லாதவிடத்து 'நிற்கும் பெண்' என்று எழுதி நிறுத்துதல் அறியாமை அன்று, ஆராய்ச்சி நேர்மை.

பாவையின் பாலைக் கொண்டு கொடுத்தோர் பாலைத் துணிதலும் ஆகாது. ஆடவர் கன்னியுருக்களை நிறுவினர். மகளிர் போர்க்கோலத் தெய்வத்தை நிறுவினர். பெண்பாவைகள் சிலவே கிடைத்தமையால் மகளிர் காணிக்கையும் சிலவே என்று முன்னையோர் சிலர் கொண்ட முடிபு இதனால் நெகிழ்கின்றது. ஒலிம்பியாவில் வைக்கப்பட்ட குதிரைகளிலும் எருதுகளிலும் எத்தனை, பெண்கள் கையால் வைக்கப்பட்டவையோ! எழுத்தில்லாத காணிக்கையின் பின்னே இருந்த கை எவர் கையும் ஆகலாம் என்பதை மறவாத வரலாறே நடுநிலை வரலாறாகும்.

கிடைத்த இடமே பொருளின் பெரும்பகுதி என்பதால், இடம் அறியாது விலைக்கு வந்த பாவைகள் தம் வரலாற்றை இழந்தவை ஆகின்றன. உலக அருங்காட்சியகங்களில் அத்தகையன பல உள. பண்பாட்டுப் பொருள்களின் முறையற்ற வாணிகத்தைத் தடுக்க யுனெஸ்கோ 1970-இல் உடன்படிக்கை வகுத்ததற்கு இவ் விழப்பும் ஒரு காரணம். களவு போவது வெண்கலம் மட்டும் அன்று. வெண்கலம் என்றேனும் மீளலாம். அது கிடந்த மண்ணும் அதன் அருகிருந்த பொருளும் ஒருமுறை கலைந்தால் மீளா. மெலேசோவின் பெயர் பாவையின்மேல் எழுதப்பட்டமையால் நிலைத்தது. எழுதப்படாத மெலேசோக்களின் வரலாறு மண்ணிலேதான் எழுதப்பட்டுள்ளது. அதனைக் கலையாமற் காத்துப் படித்தலே ஆராய்ச்சியாளர் கடன்.